ஆசிரியர் அறிந்த நோயும் மாணவருக்கு வந்த நோயும்

பள்ளி வயதில் வரும் நீரிழிவு பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது. உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. அதன் பிறகு அந்தக் குழந்தை உயிரோடிருக்க வெளியிலிருந்து இன்சுலின் செலுத்தியாக வேண்டும். மாத்திரையோ பத்தியமோ அதற்கு ஈடாகாது. நான்கு முதல் ஏழு வயதுக்குள்ளும், பிறகு பத்து முதல் பதினான்கு வயதுக்குள்ளும் இந்நோய் அதிகமாகத் தலைகாட்டுகிறது. தொடக்கப் பள்ளியில் சேரும் பருவமும் நடுநிலைப் பள்ளிப் பருவமும்தான் இவை. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் இருபது வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 2,29,400 பேருக்கு முதல் வகை நீரிழிவு இருந்தது. உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை.

கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்களையும், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்களையும் விதிக்கிறது. அந்த நாட்களில் குழந்தை விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி, பெற்றோர் அருகில் இல்லாத இடத்தில் கழிகிறது. மதிய உணவு, இடைவேளைத் தீனி, விளையாட்டு, தேர்வுப் பதற்றம் என்று ரத்தச் சர்க்கரையை ஏற்றி இறக்கும் அத்தனையும் அங்கே நடக்கின்றன. நம் நாட்டுப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் செவிலியர் கிடையாது. ஆக, ஏதாவது நேர்ந்தால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பெரியவர் வகுப்பாசிரியர்தான். அவருக்கு என்ன தெரியும், எதை அவர் செய்யத் துணிவார் என்பதை மருத்துவ உலகம் ஆராய்வது இதனால்தான்.

பள்ளி இந்த நோய்ச் சிகிச்சைக்குள் இழுக்கப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பெல்லாம் பல குழந்தைகளுக்குக் காலையில் ஓர் ஊசி, மாலையில் ஓர் ஊசி. இரண்டும் வீட்டிலேயே முடிந்துவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 1993இல் வெளியாயின. நாளுக்குப் பலமுறை இன்சுலின் செலுத்தி, அடிக்கடி சோதித்து, சர்க்கரையை இயல்பு நிலைக்கு அருகில் வைத்திருந்தவர்களுக்குக் கண் விழித்திரைப் பாதிப்பு தோன்றும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்திருந்தது. சிறுநீரகமும் நரம்புகளும்கூடக் காப்பாற்றப்பட்டன. ஆனால் அதே குழுவில் கடுமையான தாழ்சர்க்கரை மூன்று மடங்கு அதிகமாக நேர்ந்தது. அன்றிலிருந்து மதிய ஊசியும் விரல் நுனிச் சோதனையும் பள்ளி நேரத்துக்குள் வந்தன. அவற்றோடு சர்க்கரை திடீரென்று இறங்கும் ஆபத்தும் கூடவே வந்தது.

வீட்டில் கற்ற பாடம்

ஆசிரியர்களுக்கு நீரிழிவைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதத்தினருக்கு அது இருந்தது. அப்பாவுக்கோ மாமியாருக்கோ தனக்கோ சுகர் இல்லாத ஓர் ஆசிரியரைத் தமிழ்நாட்டில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காபிக்குச் சர்க்கரை வேண்டாம், மாம்பழம் கூடாது, சோற்றைக் குறை, காலையில் நட, மாத்திரையை மறக்காதே என்ற பாடம் அவருக்கு மனப்பாடம்.

இது இரண்டாம் வகை நீரிழிவின் பாடம். பெரியவர்களுக்கு நல்ல பாடமும்கூட. காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு வந்த எட்டு வயதுச் சிறுமி, பதினோரு மணிக்குக் கை நடுங்கி வியர்த்து நிற்கும்போது அதே பாடம் ஆளையே கொன்றுவிடக்கூடும். அந்த நிமிடத்தில் அவளுக்கு வேண்டியது சர்க்கரை. ஆசிரியரின் மனம் சொல்வதோ, சுகர் இருக்கும் பிள்ளைக்குச் சர்க்கரை கொடுக்கக்கூடாது என்று. வகுப்பறையில் தொல்லை தருவது முழு அறியாமையைவிட இப்படி ஆள் மாற்றிப் பொருத்தப்படும் அறிவுதான். எதுவும் தெரியாதவர் அடுத்தவரைக் கேட்பார், தொலைபேசியை எடுப்பார். தெரியும் என்று நம்புகிறவர் கேட்கமாட்டார்.

இதே குழப்பத்தின் இன்னொரு கிளை, பழியைத் தேடுவது. அதிகம் மிட்டாய் தின்றதால் வந்தது, தாய் கண்டித்து வளர்க்கவில்லை, பிள்ளை ஓடியாடி விளையாடுவதில்லை என்ற பேச்சு ஓய்வறையில் எழும். முதல் வகை நீரிழிவுக்கும் இனிப்புக்கும் காரணத் தொடர்பு இல்லை. மரபணுக்களின் சாய்வும், இன்னும் முழுதாக விளங்காத சூழல் தூண்டுதல்களும் சேர்ந்து அதைக் கொண்டுவருகின்றன. அது தொற்றாது, பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வராது. உணவுக் கட்டுப்பாட்டால் குணமாகிவிடும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. ஊசியை நிறுத்திவிட்டு வேறு வைத்தியத்துக்கு மாறிய குழந்தை சில நாட்களிலேயே உயிருக்குப் போராடும் நிலைக்குப் போய்விடும்.

சர்க்கரை இறங்கும்போது

ஆசிரியர் அறிய வேண்டியவற்றுள் முதலில் வருவது தாழ்சர்க்கரை. பேச்சில் லோ சுகர். நலமாக உள்ள கணையம் ரத்தச் சர்க்கரை குறையத் தொடங்கியதுமே இன்சுலினை நிறுத்திவிடும். ஊசியில் போன இன்சுலினை அப்படித் திரும்ப அழைக்க முடியாது. சாப்பாடு தாமதமானாலும், தட்டில் பாதியை வைத்துவிட்டாலும், எதிர்பாராமல் ஓடியாடினாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நடவடிக்கை தேவை. 54க்குக் கீழே என்றால் மூளையின் செயல்பாடு தடுமாறுகிறது.

முதலில் உடல் அட்ரினலினைக் கொட்டி எச்சரிக்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, வெளிறிய முகம், அடக்க முடியாத பசி ஆகியவை அந்த எச்சரிக்கையின் அடையாளங்கள். அதைத் தவறவிட்டால் மூளையின் பட்டினி வெளியே தெரியும். வளர்ந்தவரின் மூளை ஓய்வுநிலை ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஐந்து வயதையொட்டிய குழந்தையின் மூளை அதைப்போல இரு மடங்குக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. எரிபொருள் குறைந்ததும் கையெழுத்து கோணும், கணக்கு தப்பும், கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். சில குழந்தைகள் காரணமின்றி அழும். சில குழந்தைகள் அடுத்தவரைத் தள்ளிவிடும், ஆசிரியரை எதிர்த்துப் பேசும். கவனமின்மை என்றும் திமிர் என்றும் தண்டிக்கப்படும் நடத்தைகளில் சில உண்மையில் 60 என்ற எண்ணின் வெளிப்பாடு. குழந்தைக்கே தனக்கு என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரியாமல் போவது இந்த நிலையின் இயல்பு. ஆகவே, வேண்டுமென்றால் அவளே கேட்கட்டும் என்று காத்திருப்பது பயன்படாது.

செய்யவேண்டியது எளிது. ரத்தத்தில் வேகமாகச் சேரும் சர்க்கரை 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சீனியோ குளுக்கோஸ் தூளோ தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதிப்பது, ஏறவில்லை என்றால் மறுபடி கொடுப்பது. சிறு குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் என்ற கணக்கு. 25 கிலோ குழந்தைக்கு இது சுமார் எட்டு கிராம், ஏறக்குறைய ஒன்றரை டீஸ்பூன். அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் பிறகு இரண்டு பிஸ்கட். சாக்லேட்டும் லட்டும் இனிப்புதான் என்றாலும், அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நெருக்கடியில் அவற்றை நம்பக்கூடாது. குளுக்கோமீட்டர் கையில் இல்லையென்றால் தாழ்சர்க்கரை என்றே எடுத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். சர்க்கரை ஏற்கெனவே ஏறியிருந்த குழந்தைக்கு மூன்று டீஸ்பூன் சீனியால் பெரிய கேடு வந்துவிடாது. இறங்கியிருந்த குழந்தைக்குக் கொடுக்காமல் விட்டால் வலிப்பும் மயக்கமும் வரலாம்.

பல பள்ளிகளில் நடக்கும் ஒரு தவறு தனியே சொல்லத் தக்கது. தலை சுற்றுகிறது என்று சொன்ன மாணவரைத் தலைமையாசிரியர் அறைக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மாடிப்படி இறங்கி, மைதானத்தைக் கடந்து நடக்கும் அந்த நடையே மிச்சமிருக்கும் சர்க்கரையைச் செலவழித்துவிடும். குழந்தை இருக்கும் இடத்துக்குச் சர்க்கரை வரவேண்டும். சர்க்கரை இருக்கும் இடத்துக்குக் குழந்தை போகக்கூடாது.

நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108க்கு அழைக்க வேண்டும். வலிப்பு கண்டவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் பழக்கம் நிமிடங்களை வீணாக்குவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. குளூகான் என்ற ஹார்மோன் ஊசி கல்லீரலில் சேமித்த சர்க்கரையை வெளியே கொண்டுவரும். 25 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு மில்லிகிராம், அதற்குக் கீழே பாதி. மூக்கில் தூவும் குளூகான் தூளுக்கு அமெரிக்கா 2019இல் அனுமதி தந்தது; ஊசிக்கு அஞ்சும் ஆசிரியர்களுக்கு இது பெரிய ஆறுதல். இந்தியப் பள்ளி முதலுதவிப் பெட்டிகளில் இரண்டுமே அரிது.

சர்க்கரை சரியானதும் குழந்தை உடனே பழையபடி ஆகிவிடுவதில்லை. மீட்டரில் எண் 100ஐத் தொட்ட பிறகும் சிந்தனை தெளிய அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகலாம். தேர்வு நாளில் இந்த இடைவெளிக்கு நேரச் சலுகை கேட்பது நியாயமானது.

மணியடிக்கும் நேரங்கள்

சர்க்கரை ஏறும் பக்கம் இவ்வளவு அவசரமானதல்ல, ஆனால் அதையும் தவறாகப் படிக்கிறார்கள். ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180ஐத் தாண்டினால் சிறுநீரகம் அதைப் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரில் விடுகிறது. கூடவே தண்ணீரும் போகிறது. பாடவேளைக்கு இரண்டு முறை கழிப்பறை கேட்பதும், பாட்டிலைக் காலி செய்துவிட்டு மறுபடி குழாயடிக்கு ஓடுவதும் வகுப்பைத் தட்டிக்கழிக்கும் தந்திரமல்ல. இன்சுலின் போதாமல் போனால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் அமிலங்களைச் சேர்க்கும். வயிற்றுவலி, வாந்தி, பழ வாசம் வீசும் மூச்சு, ஆழ்ந்த வேகமான சுவாசம் என்று அது வெளிப்படும். வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓய்வறையில் படுக்கவைத்தால் மணிக்கணக்கில் நேரம் போய்விடும். இது மருத்துவமனைக்கு உரிய நிலை.

இன்சுலினும் சாப்பாடும் கடிகாரத்தோடு கட்டப்பட்டவை. விலை குறைந்த ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். கலங்கலாக இருக்கும் என்.பி.எச். இன்சுலின், போட்ட நான்கு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரம் வரை உச்சத்தில் வேலை செய்யும். காலை ஏழு மணிக்கு இரண்டையும் கலந்து போட்டுக்கொண்டு வரும் குழந்தைக்குப் பதினோரு மணிக்குத் தீனி அவசியம் என்பது இந்தக் கணக்கிலிருந்து வருவது; செல்லம் கொடுப்பதோடு அதைச் சேர்க்கக்கூடாது. முக்கிய விருந்தினர் வருகையால் மதிய மணி முக்கால் மணி நேரம் தள்ளிப்போனால் மற்ற பிள்ளைகளுக்குப் பசிக்கும்; இந்தக் குழந்தை மயங்கி விழும்.

சத்துணவுக்கும் இதில் பங்குண்டு. மதிய உணவுத் திட்டத்தின் தேசிய அளவுகோல் ஐந்தாம் வகுப்பு வரை நாளுக்கு 100 கிராம் தானியம், ஆறு முதல் எட்டு வரை 150 கிராம் என்று வைத்திருக்கிறது. நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஆறாம் வகுப்புக்குப் போன குழந்தையின் தட்டில் அது 117 கிராமாகலாம். இன்சுலின் அளவு பழையபடியே இருந்தால் ஜூன் மாதத்திலிருந்து மதியச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். காரணம் யாருக்கும் புரியாது. சத்துணவு அமைப்பாளருக்கும் பெற்றோருக்கும் இடையே ஒரு கரண்டிக் கணக்கு பேசப்பட்டிருந்தால் போதும்.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். உழைக்கும் தசை சர்க்கரையை எடுத்துக்கொள்வதால் விளையாடும்போதும், பல மணி நேரம் கழித்து இரவிலும்கூடச் சர்க்கரை இறங்கலாம். முன்கூட்டியே சோதித்து, சிறிது தின்று, குளுக்கோஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் எந்த விளையாட்டும் விலக்கல்ல. கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரமுக்கு 1997இல் இந்நோய் கண்டறியப்பட்டது. அவர் 2003 வரை பாகிஸ்தானுக்காகப் பந்துவீசினார். பி.டி. பீரியடில் இந்த மாணவரை மரத்தடியில் உட்காரவைக்கும் ஆசிரியருக்கு வேறு சான்று தேவையில்லை.

வினாத்தாள் சொல்வதும் சொல்லாததும்

ஆசிரியர்களின் அறிவை அளக்கும் முயற்சிகள் புதியவை அல்ல. பிரிட்டனின் குழந்தை மருத்துவ இதழ் ஒன்று 1983லேயே இத்தகைய ஆய்வை வெளியிட்டது. போதிய அறிவு பெற்றிருந்தவர்கள் சிறுபான்மையினராகவே இருந்தார்கள். அதன் பிறகு அமெரிக்கா, ஸ்பெயின், துருக்கி, சவூதி அரேபியா, இந்தியா என்று பல நாடுகளில் இதே பாணியில் வினாத்தாள்கள் விநியோகிக்கப்பட்டன. அறிவு, மனப்பான்மை, நடைமுறை ஆகிய மூன்றுக்கும் கேள்விகள் கேட்டுத் தனித்தனியே மதிப்பெண் போடுவது வழக்கமான முறை.

நாடுகள் வேறானாலும் முடிவுகளின் சாயல் ஒன்றாகவே இருக்கிறது. நீரிழிவு என்றால் ரத்தத்தில் சர்க்கரை கூடுவது, தாகம் எடுப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது என்ற பொதுக் கேள்விகளில் ஆசிரியர்கள் நன்றாகத் தேறுகிறார்கள். தாழ்சர்க்கரையின் அடையாளம், அதற்கு முதலில் செய்யவேண்டியது, குளூகான் என்றால் என்ன என்ற இடங்களில் சறுக்குகிறார்கள். தெரிந்தால் நல்லது என்ற பகுதியில் மதிப்பெண். தெரிந்தே ஆகவேண்டிய பகுதியில் வெற்றிடம். முன்பு இப்படியொரு மாணவருக்குப் பாடம் நடத்தியவர்களும், குடும்பத்தில் நீரிழிவு உள்ளவர்களும் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகப் பெறுகிறார்கள். குடும்ப அனுபவத்தை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பார்த்தது எந்த வகை என்று பல வினாத்தாள்கள் கேட்பதே இல்லை. பெரும்பாலோர் தங்களுக்கு எந்தப் பயிற்சியும் தரப்படவில்லை என்கிறார்கள். தந்தால் வருவோம் என்றும் சொல்கிறார்கள்.

இந்த முறைக்கு எல்லைகள் உண்டு. உதவுவீர்களா என்று தாளில் கேட்டால் இல்லை என்று எழுதும் ஆசிரியர் குறைவு. நான்கு விடைகளில் சரியானதைக் குறிப்பதும், நாற்பது பிள்ளைகள் கூச்சலிடும் அறையில் வலிப்பு கண்ட குழந்தையைத் திருப்பிப் படுக்கவைப்பதும் வெவ்வேறு திறன்கள். மாதிரிச் சூழலில் செய்துகாட்டச் சொல்லி மதிப்பிடும் ஆய்வுகள் இன்னும் அதிகம் வரவேண்டும்.

மனப்பான்மையில் நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. அச்சம்தான் மேலோங்கி நிற்கிறது. தவறு நடந்தால் பழி யார்மேல் விழும், ஊசியைத் தொட அதிகாரம் உண்டா, பெற்றோர் வழக்குத் தொடுத்தால் துறை காப்பாற்றுமா என்ற கேள்விகளுக்கு எழுத்தில் விடை இல்லாத இடத்தில், எதையும் செய்யாமலிருப்பதே பாதுகாப்பு என்ற முடிவுக்கு அறிவுள்ள ஆசிரியரும் வந்துவிடுகிறார். அச்சத்தின் விளைவாகச் சில பள்ளிகள் சேர்க்கையிலேயே தயங்குகின்றன. சில பள்ளிகள் தாயை நாள்தோறும் மதியம் வரச்சொல்கின்றன. அந்தத் தாய் வேலையை விட்டுவிடுவது பல வீடுகளில் நடக்கிறது.

சந்தேகம் இன்னொரு வகை. கழிப்பறைக்கும் தீனிக்கும் அனுமதி கேட்பதைச் சாக்கு என்று நினைப்பது, தோளில் ஒட்டிய சர்க்கரை உணர்கருவியோடு இணைந்த கருவி ஒலித்தால் கைப்பேசி என்று பிடுங்கி வைப்பது. மிகைப் பரிவும் இதற்குச் சளைத்ததல்ல. சுற்றுலாவுக்கு வேண்டாம், ஓட்டப்பந்தயத்துக்கு வேண்டாம், பிறந்தநாள் மிட்டாய் உனக்கு மட்டும் இல்லை என்று ஒதுக்கும் அன்பு, அந்தக் குழந்தையை வகுப்பின் முன் நோயாளியாக நிறுத்திவிடுகிறது. விளைவாகக் குழந்தைகள் மறைக்கத் தொடங்குகிறார்கள். பதின்ம வயதில் கழிப்பறையில் ஒளிந்து ஊசி போடுவார்கள், அல்லது போடாமலே விட்டுவிடுவார்கள். பெண் குழந்தையென்றால் நாளைக்குத் திருமணப் பேச்சில் இடிக்கும் என்று பெற்றோரே பள்ளிக்குச் சொல்வதில்லை. ஆசிரியருக்குத் தகவலே வராதபோது அவர் அறிவைக் குறைசொல்லிப் பயனில்லை.

பார்மா நகரத்துச் சுவரொட்டி

பயிற்சி பலன் தருமா என்பதற்கு இத்தாலி ஒரு தெளிவான விடை வைத்திருக்கிறது. பார்மா மாகாணத்தின் 177 பள்ளிகளில் 1990களின் தொடக்கத்தில் ஒரு சுவரொட்டி ஒட்டப்பட்டது. வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், படுக்கையை நனைக்கத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கு நீரிழிவு இருக்கலாம் என்பதே அதன் செய்தி. உள்ளூர்க் குழந்தை மருத்துவர்களுக்கும் அது போயிற்று, சோதனைக் கருவிகளோடு. அதற்கு முன் நோய் கண்டறியப்படும்போதே கீட்டோன் அமில நச்சு நிலையில் வந்த குழந்தைகள் நூற்றுக்கு 78 பேர். அடுத்த சில ஆண்டுகளில் அது 12.5 ஆகக் குறைந்தது. சுவரொட்டி போகாத அண்டைப் பகுதிகளில் அப்படி எதுவும் குறையவில்லை. ஆசிரியர்களும் பெற்றோரும் ஒரே ஒரு விஷயத்தைக் கவனித்ததால் வந்த பலன் இது. தமிழ்நாட்டில் எந்த ஆசிரியரும் இன்றே செய்யக்கூடியதும் இதுதான்: அண்மையில் இளைத்து, சோர்ந்து, தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் ஓடும் குழந்தையைப் பார்த்தால் பெற்றோரிடம் ஒரு சுகர் சோதனைக்குச் சொல்வது.

துருக்கி 2010இல் குழந்தை நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவர்களும் சுகாதார, கல்வி அமைச்சகங்களும் சேர்ந்து நடத்தும் பள்ளி நீரிழிவுத் திட்டத்தைத் தொடங்கியது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2013இல் பள்ளிகளுக்கான கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது முன்னோட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த நாடுகள் இந்தியாவும் பிரேசிலும். இந்தியாவில் இந்தியப் பொதுச் சுகாதார அறக்கட்டளை அதில் பங்கேற்றது. இத்தகைய பயிற்சிகளுக்குப் பின் மதிப்பெண் ஏறுவதைப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. ஏறிய மதிப்பெண் அப்படியே நிற்பதில்லை. கையால் செய்யாத திறன் மங்கிவிடும். ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறை, புதிய வகுப்பாசிரியர் வரும்போது ஒருமுறை என்று திரும்பத் திரும்ப நடத்தினால்தான் பயன். ஒரு மணி நேரச் சொற்பொழிவைவிட, குளுக்கோமீட்டரில் தன் விரலையே குத்திப் பார்க்கும் பத்து நிமிடம் அதிகம் கற்றுத்தரும்.

எழுத்தில் உள்ள உரிமை

அச்சத்துக்கு மருந்து சட்டம்தான் என்பதை மேலை நாடுகளின் அனுபவம் காட்டுகிறது. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம், அதன் 504ஆம் பிரிவு வழியாக, நீரிழிவுள்ள மாணவருக்குத் தேவையான வசதிகளைப் பள்ளி செய்துதர வேண்டும் என்று வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் இன்சுலினைச் செவிலியர்தான் செலுத்த வேண்டும் என்று செவிலியர் சங்கம் வழக்காடியது. மருத்துவர் உத்தரவும் பெற்றோர் சம்மதமும் இருந்தால், பயிற்சி பெற்ற, தாமாக முன்வந்த பள்ளி ஊழியர்களும் செலுத்தலாம் என்று அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2013 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவத் தேவையுள்ள மாணவர்களுக்கு உதவுவதைப் பள்ளியின் கடமையாக்கியது.

இந்தியாவில் சுற்றறிக்கைகள் உண்டு, முழுமையான சட்டம் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 நிலைகளில் ரத்த உறையாமையும் தலசீமியாவும் இருக்கின்றன. முதல் வகை நீரிழிவு இல்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017இல் பொதுத்தேர்வு எழுதும் நீரிழிவு மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, வாழைப்பழம் போன்ற பழங்கள், சாண்ட்விச், அரை லிட்டர் தண்ணீர் ஆகியவற்றைத் தேர்வறைக்குக் கொண்டுவர அனுமதித்தது. அவை அறைக் கண்காணிப்பாளரிடம் இருக்கும், கேட்டதும் தரவேண்டும். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் மாநிலங்களுக்கு எழுதியதை அடுத்து, உத்தரப் பிரதேசம் அந்த ஆண்டே வகுப்பில் சோதிக்கவும் ஊசி போடவும் இடைத்தீனி தின்னவும் இம்மாணவர்களுக்கு அனுமதி தந்தது. கேரளம் 2018இல் தொடங்கிய ‘மிட்டாயி’ திட்டம் குழந்தைகளுக்கு இன்சுலின் பேனாவும் சோதனைக் கருவிகளும் இலவசமாகத் தருகிறது. கருவி கைக்கு வந்த பிறகுதான் பயிற்சிக்குப் பொருள் உண்டு என்ற வகையில் இது சரியான வரிசை. மத்திய அரசு 2020இல் தொடங்கிய பள்ளி நலத் திட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்களாகப் பயிற்றுவிக்கச் சொல்கிறது. தாழ்சர்க்கரைப் பாடத்தைச் சேர்க்க இதைவிட நல்ல இடம் தேட வேண்டியதில்லை.

ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே ஓர் எழுத்துத் திட்டம் வேண்டும் என்பது குழந்தை நீரிழிவு மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு 2018இலும் அதன் பிறகும் வலியுறுத்தும் கருத்து. ஒரே பக்கம் போதும். சோதிக்கும் நேரங்கள், இன்சுலின் அளவு, யார் போடுவது அல்லது யார் மேற்பார்ப்பது, இந்தக் குழந்தைக்கு லோ சுகர் எப்படித் தொடங்கும், குளுக்கோஸ் எங்கே இருக்கிறது, எந்த எண்ணுக்கு மேலே பெற்றோரை அழைப்பது, மருத்துவரின் தொலைபேசி. பெற்றோர், மருத்துவர், தலைமையாசிரியர் மூவரும் கையெழுத்திட வேண்டும். நகல் வகுப்பாசிரியரிடம் மட்டும் போதாது. விளையாட்டு ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர், வேன் ஓட்டுநர் ஆகியோரிடமும் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பொதுவாக நான்கு வாரம் அறை வெப்பத்தில் தாங்கும். ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கூரை வகுப்பறையை அறை வெப்பம் என்று சொல்ல முடியாது. குளிர்பெட்டி இல்லாத பள்ளிக்கு ஈர மணலில் வைத்த மண்பானை உதவும். பயன்படுத்திய ஊசி முனைகளை மூடியுள்ள கனமான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ கொடுத்தனுப்ப வேண்டும்.

பொறுப்பு யார் கையில் என்பது வயதோடு மாறும். தொடக்க வகுப்புகளில் ஊசியும் சோதனையும் பெரியவர் வேலை. பத்து, பன்னிரண்டு வயதில் குழந்தை தானே செய்ய, பெரியவர் அளவைச் சரிபார்ப்பார். உயர்நிலை வகுப்பில் மாணவர் முழுவதையும் பார்த்துக்கொள்வார். அப்போதும் தாழ்சர்க்கரையில் மட்டும் இன்னொருவர் தேவை. அதனால் நம்பிக்கைக்குரிய ஒன்றிரண்டு வகுப்புத் தோழர்களுக்கு, மாணவரின் சம்மதத்தோடு, குளுக்கோஸ் எந்தப் பையில் இருக்கிறது என்று சொல்லிவைப்பதும் திட்டத்தில் சேரும். ஆண்டு மாறும்போதும், இன்சுலின் வகை மாறும்போதும், ஒரு கடுமையான தாழ்சர்க்கரை நேர்ந்த பிறகும் அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுத வேண்டும்.